கால் நறுக்கிய ஐசி

சூட்டுக்கோல் என்ற பெயரை அவனுக்கு வைத்தவர் அவனுடைய அக்கா புருஷன். கையில் எந்நேரமும் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், வாயில் எந்நேரமும் எரிச்சல், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக இருக்கட்டும் என்று அத்தான் ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவன் பிழைப்பு. கீபோர்டே உடம்பாக இருக்கும், பின்னால் ஒரு வயரை இழுத்து டிவியில் செருகினால் எழுத்து வரும், அந்தக் காலத்துச் சாமான். இன்றைக்கும் அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். பெரும்பாலும் ஒரே நோய்தான்: உள்ளே போர்டில் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்துப் பற்றவைத்திருக்கும் கறுப்புச் சில்லுகளில், அதாவது ஐசிகளில், ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கும். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. சூட்டுக்கோல் அதில் கெட்டிக்காரன். அதை நாலு பேரிடம் அவனே சொல்லவும் சொல்வான்; அடக்கம் என்ற சரக்கு அவன் கடையில் கிடையாது.

அத்தானுக்கு வந்தது வேறு நோய். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயைத் திறந்தது திறந்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. “தா” என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம். தண்ணீருக்கும் தா, வலிக்கும் தா, வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதால் அதற்கும் தா. மூளையில் பேச்சு இருக்கிற இடமே அடிபட்டுவிட்டது, எழுத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதிகமாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரில் இருப்பவரைக் கிண்டல் பண்ணாமல் ஒரு வாய் சாப்பாடு இறங்காத மனுஷன், எச்சில் வழிந்தால் துடைக்கச் சொல்லக்கூட வழியில்லாமல் கட்டிலில் கிடந்தார்.

கட்டிலுக்கு எதிரே ஓர் அலமாரி. அதன்மேல், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டர் பழைய போர்வை ஒன்றால் மூடிக் கிடந்தது. அவர் கண் அதிலேயே நிலைகுத்தி நின்றது. அக்கா ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினாள். இடுப்பு எலும்பு தேய்ந்துபோன பொம்பளை, நாற்காலியில் ஏறவே கூடாது. ஏறினாள். மேசையில் வைத்து டிவியில் மாட்டிக் கொடுத்ததும், அத்தான் இடது கை ஆள்காட்டி விரலால் தட்ட ஆரம்பித்தார். விட்டால் நாள் முழுக்கத் தட்டினார்.

திரையில் வந்தது எதுவும் படிக்கிற மாதிரி இல்லை. இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தன. ஒரு வரி முடிந்ததும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். முகம் சுருங்கும். பிறகு அந்த விரலை மிஷினுக்கு நேராக நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நான் எழுதினது இது இல்லை, இது மிஷின் பண்ணுகிற வேலை என்று அக்கா அதற்கு அர்த்தம் சொன்னாள். வேறு எப்படித்தான் அர்த்தம் சொல்வது? பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இதற்கிடையில்தான் அந்தக் குளியலறை விவகாரம். அத்தான் உள்ளே வழுக்கி விழுந்தார். தூக்கப் போன அக்காவும் விழுந்தாள். ஒருவருக்குப் பேச்சு இல்லை, இன்னொருவருக்கு எழுந்திருக்க இடுப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வெளியே ஓடி வருவதைப் பார்த்துக் கதவை உடைக்கும் வரைக்கும் இரண்டு பேரும் ஈரத் தரையில் கிடந்தார்கள். மகள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். தான் இருக்கும் ஊரிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்கு இடம் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன், அப்பா அங்கே, அம்மா என்னோடு என்றாள். அனுப்பவே மாட்டேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

“உங்கப்பாவுக்கு எல்லாம் புரியுதுடி. எழுதறாரு. அந்த மிஷின்தான் குழப்புது.”

“சரிம்மா. எனக்கு மட்டும் அவரை அங்க விடணும்னு ஆசையா? அவருக்கு என்ன வேணும்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் காட்டட்டும். தண்ணின்னு எழுதட்டும், வலிக்குதுன்னு எழுதட்டும். வீட்டுக்கே ஒரு ஆளைப் போட்டு, நானே மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து பாத்துக்கறேன். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

அக்கா போனை வைத்ததும் அடுத்த அழைப்பு தம்பிக்கு.

சூட்டுக்கோல் வந்து மிஷினைப் போட்டான். அத்தான் எதையும் தட்டுவதற்கு முன்பே, இந்த மாதிரி மிஷின் போட்டவுடன் தானாக ஒரு வரவேற்பு வரி காட்டும். தன் பெயர், கீழே ‘தயார்’ என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை. ஆலையிலேயே எழுதி உள்ளே வைத்தது, யாரும் தொட முடியாதது. அந்த வரியிலேயே இரண்டு மூன்று எழுத்து மாறி வந்தது! சூட்டுக்கோலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரைக்குப் போகிற எழுத்துகளைத் தாங்கிப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு ஐசிகள், ஒவ்வொரு எழுத்திலும் ஆளுக்குப் பாதி. ஒன்று தடுமாறினால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாக வரும். மிஷின் உள்ளுக்குள் சரியாகத்தான் யோசிக்கும், வெளியே காட்டும்போதுதான் உளறும். அத்தானைப் போலவே என்று நினைத்துக்கொண்டான்.

“அக்கா! அத்தான் மேல தப்பே இல்ல. மிஷின் மேலதான் தப்பு. எழுதி வச்சுக்கோ.”

அத்தோடு நிறுத்தினானா? இல்லை. அக்காவின் போனைப் பிடுங்கி மகளையும் கூப்பிட்டான்.

“பாப்பா, மாமா சொல்றேன் கேட்டுக்கோ. டாக்டர் பாத்தது மூளையை. நான் பாத்தது போர்டை. நீ ஞாயித்துக்கிழமை வரும்போது உங்கப்பா உன் பேரை எழுதிக் காட்டுவாரு.”

“நெஜமாவா மாமா?” என்று மறுமுனையிலிருந்து ஒரு குரல் வந்தது. சின்ன வயதில் உடைந்த பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்பாளே, அதே குரல்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் கண்ணில் இன்னொன்றும் பட்டது. வரவேற்பு வரியில் இரண்டு மூன்று எழுத்துதான் மாறியிருந்தது, தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். அத்தான் தட்டிய வரிகளில் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. ஒரே மிஷின், ஒரே கோளாறு, ஆனால் அது பாதி, இது முழுசு. பார்த்தான், ‘சூடு ஏற ஏற அதிகமாகும்’ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பிடிக்கிற பீடை இது. ஒரு கோளாறு கிடைத்துவிட்டால், அதுதான் கோளாறு என்று மனசு முடிச்சுப் போட்டுவிடும். இரண்டாவது ஒன்று இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. வேறு ஒருத்தன் அப்படி வேலை செய்திருந்தால் சூட்டுக்கோல் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பான்.

சனிக்கிழமை மதியம் கருவிப் பெட்டியோடு வந்தான். மிஷினைத் தன் இடத்துக்கு எடுத்துப் போக முடியவில்லை. கண்ணுக்கு மறைந்தால் அத்தான் “தா, தா” என்று கட்டிலை அடித்தார். அதனால் அத்தானின் மேசையிலேயே செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினான். அத்தான் சக்கர நாற்காலியில் பக்கத்தில். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்றால் உட்காரவில்லை.

மூடியைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்தான். மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, அந்த இரண்டு ஐசிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தான். ஒன்று வெதுவெதுப்பு, இன்னொன்று சுரீரென்றது. பெட்டியிலிருந்து அதே வகையில் நல்ல ஐசி ஒன்றை எடுத்து, சுடுகிற ஐசியின் முதுகில் ஏற்றினான். காலோடு கால் படும்படி கட்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பது சோர்ந்து போயிருந்தால், மேலே இருப்பது அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். சுவிட்சைப் போட்டான். வரவேற்பு வரி பளிச்சென்று வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை. விரலை எடுத்தால் குழப்பம், அழுத்தினால் தெளிவு.

“பாத்தியாக்கா? பாத்தியா!”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் எட்டிப் பார்த்து, “தா” என்றார்.

அப்படியே அழுத்திப் பிடித்தபடி, அத்தான், கொஞ்சம் தட்டுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அவ்வளவுதான் தேவைப்பட்டது. பின்னால் அவன் தன்னை ஏசிக்கொண்டதெல்லாம் இந்த ஓர் இடத்துக்காகத்தான். அந்த நேரத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளுக்குள் ஓர் ஆசை வேறு. அத்தான் முதல் வரியாக ‘சூட்டுக்கோல்’ என்று எழுதுவார், அதை அரைகுறையாகப் பார்க்கக் கூடாது, வேலையைப் பக்காவாக முடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்ற ஆசை. மேசைமேல் இருந்த கட்டரை எடுத்தான்.

பழைய போர்டில் ஐசியை முழுசாகக் கழற்றப் பார்ப்பவன் கத்துக்குட்டி. எல்லாக் காலையும் ஒரேயடியாகச் சூடாக்கி இழுத்தால், போர்டின் மெல்லிய செப்புக் கோடுகள் உரிந்து கையோடு வந்துவிடும். ஐசியைக் காவு கொடுத்துத்தான் போர்டைக் காப்பாற்ற வேண்டும். உடம்பை ஒட்டி ஒவ்வொரு காலாக நறுக்கினான். டிக், டிக் என்று ஒவ்வொன்றும் விட்டது. கறுப்பு உடம்பு தனியே வந்தது. பிறகு போர்டில் மிச்சமிருந்த கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி, சின்ன இடுக்கியால் பிடுங்கினான். ஓட்டைகளில் இருந்த ஈயத்தை உறிஞ்சி எடுத்தான். அங்கே, ஐசியைச் செருகவும் உருவவும் தோதான ஒரு சாக்கெட்டைப் பற்றவைத்து, அதில் நல்ல ஐசியை அமுக்கி உட்கார வைத்தான். கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. வாழ்நாளில் அவன் செய்த வேலைகளில் அது முதல் தரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அத்தான், தட்டுங்க. இப்ப யாரு தப்பு பண்றாங்கன்னு பாத்துருவோம்.”

அத்தான் விரலை நீட்டினார். வரவேற்பு வரிக்குக் கீழே ஓர் எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று. நிதானமாக, யோசித்து, ஒரு தடவை நிறுத்தி, சரியான பொத்தானைத் தேடிப் பிடித்துத் தட்டினார். வரி நீண்டுகொண்டே போயிற்று. எழுத்துகள் பளிங்கு மாதிரி இருந்தன. அவற்றில் ஒரு வார்த்தை இல்லை. பாதி வார்த்தை இல்லை. ஒரே எழுத்து நாலைந்து தடவை, பிறகு இன்னொன்று, பிறகு காற்புள்ளி, பிறகு மறுபடி முதல் எழுத்து.

சூட்டுக்கோல் குனிந்து அந்த எழுத்துகளைத் தானே தட்டிப் பார்த்தான். எதைத் தட்டினானோ அது வந்தது. இன்னொரு ஐசியையும் சந்தேகப்பட்டு அதன் முதுகிலும் ஒன்றை ஏற்றிப் பார்த்தான். கீபோர்டின் அடிப்பக்கத்தைத் துடைத்தான். வயரைக் கழற்றி மாட்டினான். மிஷினில் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு கோளாறு இல்லை. பொத்தான்களில் இல்லை, போர்டில் இல்லை, டிவியில் இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், சரியாக இருந்த திருகாணிகளையே மறுபடி மறுபடி முடுக்கினான்.

அத்தான் திரையைப் பார்த்தார். வழக்கம்போல முகம் சுருங்கியது. வழக்கம்போல விரல் எழுந்து மிஷினை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவர் கண் வரவேற்பு வரிக்குப் போயிற்று, தன் வரிக்கு வந்தது, மறுபடி மேலே போயிற்று. விரல் மெதுவாக இறங்கி மடியில் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சமையலறைக்கு வந்த பிறகுதான் அக்கா பேசினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“டேய், பழசையே திருப்பிப் போட்டுரு.”

“என்னக்கா சொல்ற?”

“முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணி வச்சுரு. அவரு தட்டிக்கிட்டாவது இருந்தாரு. மிஷின் சரியில்ல, சரியில்லன்னு விரலை ஆட்டிக்கிட்டாவது இருந்தாரு. இப்ப பாரு, சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு அவ வந்தா, மிஷின் இன்னும் ரிப்பேர்லதான் இருக்கு, கொஞ்சம் பொறுன்னு சொல்லிக்கறேன். எனக்கு அது போதும்டா.”

சூட்டுக்கோல் சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்பு உடம்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். இரண்டு பக்கமும் கால்கள் மொட்டையாகப் போயிருந்தன.

“கால வெட்டிட்டேன்க்கா. இனிமே இது எதுலயும் நிக்காது.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“உங்கிட்டதான் கெட்டுப்போனது டப்பா டப்பாவா கிடக்குமே. அதுல ஒண்ணு போடேன்.”

கிடக்கத்தான் செய்தது. கெட்ட ஐசிகளை அவன் எறிவதில்லை, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான். யாரிடமும் கோளாறோடு ஒரு மிஷினைத் திருப்பிக் கொடுத்ததில்லை என்று மார் தட்டுகிறவன், தன் இடத்துக்கு ஓடிப்போய் அந்த டின்னோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கால் முழுசாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் அமுக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கிற தொழிலுக்கு நேர்மாறான வேலை, பழையதைப் போலவே கொஞ்சமாகக் கெட்ட ஒன்றைத் தேடுவது. ஒன்று போட்டால் திரை முழுக்க ஒரே எழுத்து. இன்னொன்றில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொன்றில் சுத்தமாக இருட்டு. ஒன்று, கெட்டது என்று அவன் எழுதி ஒட்டியிருந்தது, சனியன், ஓர் எழுத்து பிசகாமல் வேலை செய்தது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கொஞ்சமாகக் கெட்டு, ஒரு மனுஷன் தன் தப்பை அதன்மேல் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தது அந்த ஒரே ஐசிதான். அதை அவன் தன் கையாலேயே நறுக்கிவிட்டான்.

எதைப் போட்டாலும் அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் நல்ல ஐசியையே திரும்ப வைத்து மூடியை முடுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது அக்கா அத்தானின் பனியன்களை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் அதைக் கவனிக்கவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“மாமா, மிஷின் என்னாச்சு?”

சூட்டுக்கோல் கருவிப் பெட்டியைத் திறந்து மூடினான். அக்காதான் குனிந்தபடியே பதில் சொன்னாள்.

“மிஷின் சரியாயிடுச்சு.”

மகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கூட்டிப்போக வந்தவள், வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு வந்தவள், கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு அப்பாவின் நாற்காலிக்கு ஓடினாள். இத்தனை நாளும் அம்மாவைவிட அதிகமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது அவள்தான் போலிருக்கிறது. மிஷினை அவளே போட்டாள். வரவேற்பு வரி தெளிவாக வந்து நின்றது, கீழே ‘தயார்’ என்றது.

“அப்பா! அழகா வருதுப்பா. எழுதுங்கப்பா, என்ன வேணும்னாலும் எழுதுங்க.” அவர் இடது கையை எடுத்துப் பொத்தான்கள்மேல் வைத்தாள்.

அத்தான் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏன்ப்பா? மிஷின் இன்னும் சரியில்லையா?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை, அது சரியாகத்தான் இருக்கிறது என்பது போல ஆட்டினார். பிறகு அந்த விரலை எடுத்தார். மிஷின் பக்கம் நீட்டவில்லை. திருப்பித் தன் நெஞ்சின்மேல் வைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

“தா” என்றார்.

அவர் சொன்னது அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் புரிந்தது. மகள் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதாள். சூட்டுக்கோல் டிவி வயரைப் பிடுங்கினான். அக்கா கடைசிப் பனியனையும் வைத்துப் பெட்டியை மூடினாள்.